முதலில் பெயர், அடுத்து மொழி, அப்புறம்தான் விசா

இந்த மாதம் இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒன்று மூணாறுக்கு மேலே உள்ள ஒரு எஸ்டேட் லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து. எழுதிய தம்பிக்கு 23 வயது. தமிழ் மீடியத்தில் எஸ்.எஸ்.எல்.சி., போடி பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம்., இரண்டு வருடமாக மூணாறு ரிசார்ட் ஒன்றில் ஃப்ரண்ட் ஆபீஸ் வேலை. ஒரு கன்சல்டன்சியை நம்பி ஐரோப்பாவில் ஏதோ ஒரு தனியார் கல்லூரி டிப்ளமோவுக்கு விண்ணப்பித்திருக்கிறார். விசா கிடைக்கவில்லை, கட்டிய பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. இப்போது கம்பத்தில் ஒருவர், “ஆறு லட்சம் கொடு, மூன்றே மாதத்தில் போலந்து வேலை விசா” என்கிறாராம். “அம்மா பி.எஃப். பணத்தை எடுத்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா அண்ணா?” என்று முடிகிறது கடிதம்.

இன்னொன்று கொழிஞ்சாம்பாறையிலிருந்து. கோவையில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, அங்கேயே மருத்துவமனையில் வேலை பார்க்கும் தங்கச்சி. வாரம் முழுக்க கோவையில் ஹாஸ்டல். விடுமுறைக்கு வேலந்தாவளம் வழியாக வீடு. “ஜெர்மனிக்குப் போக ஆசை. நோர்க்கா என்பது மலையாளிகளுக்குத்தானே? எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?” என்று கேட்கிறார்.

முதலில் ஒரு பழைய கதை. 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலையை எழுதி வாங்கினார். அவருக்குப் பின்னால் பிழைப்புத் தேடி ஐரோப்பிய இளைஞர்கள் பலர் இந்த மலை ஏறினார்கள். அவர்களிடம் யாரும் ஆறு மாத பேங்க் ஸ்டேட்மெண்ட் கேட்கவில்லை. அவர்கள் போட்ட தோட்டத்தில் கொழுந்து கிள்ள, நம்முடைய முன்னோர் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு கீழே இருந்து ஏறினார்கள். அந்த முன்பணக் கடன் பல குடும்பங்களில் அடுத்த தலைமுறை வரை நீண்டது. இன்று நாம் அவர்கள் ஊருக்குப் புறப்படும்போது விசா என்ற கதவு நிற்கிறது. கதவருகே புதுக் கங்காணியும் நிற்கிறார், இந்த முறை முன்பணத்தை நம்மிடமே வாங்க.

கதவு கடினமானதுதான். ஆனால் இந்தக் கேரள-தமிழ்நாடு எல்லைப் பகுதிப் பிள்ளைகளில் பலருக்கு விசா நழுவுவது தூதரகக் கவுண்டரில் நடப்பதில்லை. அதற்கு ஒரு வருடம் முன்பே, வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருக்கும் தகரப் பெட்டியிலேயே நழுவிவிடுகிறது. அங்கிருந்தே தொடங்குவோம்.

பெட்டியை இறக்குங்கள்

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், ஆதார், ரேஷன் கார்டு, பிறப்புச் சான்றிதழ், கல்லூரிச் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி, ஊர் ஆகியவற்றை எழுத்து எழுத்தாக ஒரு நோட்டில் எழுதுங்கள். எனக்குத் தெரிந்து பத்து வீட்டில் எட்டு வீட்டில் ஏதாவது ஒன்று இடிக்கும்.

காரணம் நம் நிலம். 1956இல் மாநில எல்லை போட்ட பிறகு, ஒரே குடும்பத்தின் காகிதங்கள் இரண்டு மாநிலங்களில், இரண்டு மொழிக்காரர்கள் கையால் எழுதப்பட்டன. அழகர் என்ற அப்பா பெயரில் வரும் ழகரத்துக்குத் தமிழ்நாட்டுக் கல்லூரி ஆங்கிலத்தில் ஒற்றை ‘எல்’ போடும். கேரள ரேஷன் கார்டு ‘இசட்-எச்’ போடும். மாரியம்மாள் மலையாளக் கிளார்க் கையில் மாரியம்மா ஆகிவிடுவார். செல்வராசு ஒன்றில், செல்வராஜ் இன்னொன்றில். வீட்டில் இதெல்லாம் ஒருவர்தான். விசா அதிகாரிக்கு இரண்டு பேர்.

அடுத்தது இனிஷியல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஓர் எழுத்தோடு பிழைத்துக்கொண்டோம். பாஸ்போர்ட்டோ பெயர் ஒரு கட்டம், குடும்பப் பெயர் ஒரு கட்டம் என்று கேட்கிறது. என் முதல் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரிக்கிறேன் என்று விண்ணப்பம் நிரப்பியவர் அப்பா பெயரோடு ஊர்ப் பெயரையும் சேர்த்துவிட்டார். சரிசெய்ய எட்டு மாதம் அலைந்தேன். குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விடுவதிலும் தொல்லை உண்டு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்குச் சுற்றுலா விசாவில் நுழைவில்லை என்று அறிவித்தது. அப்பா பெயர் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். ஆனால் அதற்குள் விமான நிலையம் வரை போய்த் திரும்பியவர்கள் உண்டு. இனிஷியலை அப்பா பெயராக விரித்து, அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி, எல்லாக் காகிதத்திலும் அதே எழுத்துக்கூட்டலைக் கொண்டுவருவதுதான் நல்லது.

எதை வைத்து எதைத் திருத்துவது? எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைத் தாய்க் காகிதமாக வைத்துக்கொள்ளுங்கள். அதிலேயே பிழை என்றால் பள்ளி வழியாகத் திருவனந்தபுரம் பரீக்ஷா பவனுக்கு விண்ணப்பிக்க வேண்டும், நாள் பிடிக்கும். அதில் சரியாக இருந்தால் ஆதாரையும் மற்றவற்றையும் அதற்கு ஏற்பத் திருத்துங்கள். அப்பா, அம்மா பெயரில் திருத்தவே முடியாத பழைய வேறுபாடு இருந்தால், வில்லேஜ் ஆபீஸில் ‘ஒன் அண்ட் தி சேம்’ சான்றிதழ் வாங்கலாம். இந்த இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று கிராம அதிகாரி எழுதித் தருவது அது. அக்ஷயா மையத்தில் விண்ணப்பிக்கலாம். தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை, சித்தூர் பக்கத்து ஆட்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன்: மொழிச் சிறுபான்மையினர் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் மனு எழுதக் கேரளச் சட்டத்தில் இடமுண்டு. மலையாளம் எழுத வராது என்பதற்காக இன்னொருவர் கையில் உங்கள் பெயரை ஒப்படைக்காதீர்கள்.

பிறப்பைப் பதிவே செய்யாத வீடுகளும் உண்டு. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் முதலில் அங்குள்ள பழைய பதிவேட்டைத் தேடுங்கள். பிறந்து ஓராண்டு தாண்டிய பதிவுக்கு வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) நிலை அதிகாரியின் உத்தரவு வேண்டும். மாதங்கள் ஓடும் வேலை, அதனால் இன்றே தொடங்க வேண்டும்.

முகவரியிலும் கவனம் வேண்டும். இந்தப் பக்கம் ஒரு ரேஷன் கார்டு, தேனியில் ஒரு வாக்காளர் அட்டை என்று வைத்திருக்கும் குடும்பங்கள் ஒன்றை முறையாக நீக்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் போலீஸ் விசாரணையில் நீங்கள் கடந்த ஓராண்டில் எங்கெல்லாம் தங்கினீர்கள் என்பது வரும். கோவை ஹாஸ்டலில் இருக்கும் தங்கச்சி அதை மறைக்காமல் எழுத வேண்டும். ஜெர்மன் விசாவுக்குக் கேரளம் பெங்களூரு துணைத் தூதரகத்தின் எல்லை, தமிழ்நாடு சென்னையின் எல்லை. எந்த முகவரியில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வாசலே மாறும்.

சான்றொப்பத்திலும் இதே எல்லைச் சிக்கல். பட்டம் எந்த மாநிலத்தில் வாங்கினீர்களோ அந்த மாநில அரசுதான் முதலில் ஒப்பமிட வேண்டும். கேரளச் சான்றிதழுக்குக் கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் உண்டு. கோவை, போடிச் சான்றிதழுக்குத் தமிழ்நாடு அரசு. பிறகுதான் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் என்ற சான்று முத்திரை. அதுவும் எல்லா நாட்டுக்கும் ஒன்றல்ல: இந்தியா அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது ஜெர்மனி மறுப்புத் தெரிவித்த நாடு, அங்கே அது செல்லாது. தூதரகத்தின் பட்டியலில் இல்லாத முத்திரைக்கு ஏஜெண்ட் பேச்சைக் கேட்டுப் பணம் கட்டாதீர்கள்.

எந்த வாசல் யாருக்கு?

தங்கச்சிக்கு முதலில். நோர்க்கா என்பது வெளிநாடு வாழ் கேரளீயர் நலத்துறை, 1996இல் தொடங்கியது. ‘கேரளீயர்’ என்ற சொல்லுக்கு வீட்டில் மலையாளம் பேச வேண்டும் என்று பொருளில்லை. உங்கள் வீடு கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறது, நீங்கள் கேரளீயர். கோவையில் படித்தது அதை மாற்றாது. நோர்க்கா ரூட்ஸ் 2021 டிசம்பரில் ஜெர்மன் கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமையோடு செய்த ‘ட்ரிபிள் வின்’ ஒப்பந்தம் உங்களைப் போன்ற நர்ஸ்களுக்காகவே வந்தது. தேர்வானால் இந்தியாவிலேயே பி1 என்ற இடைநிலை அளவு வரை ஜெர்மன் மொழி இலவசமாகச் சொல்லித் தருவார்கள். ஆள் சேர்ப்புக்கு உங்களிடம் கட்டணம் கிடையாது. அங்கே போனவுடன் நீங்கள் முழு நர்ஸ் ஆகிவிட மாட்டீர்கள். உங்கள் படிப்புக்கு ஜெர்மன் அங்கீகாரம் கிடைக்கும் வரை உதவியாளர் நிலையில் வேலை, கூடவே பி2 படிப்பு, தேர்வு. இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றமாக இருக்காது. அரசு வழியில் இன்னும் இரண்டு கதவுகள் உண்டு: கேரளத் தொழிலாளர் துறையின் கீழ் 1977 முதல் இயங்கும் ஒடெபெக், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம். எல்லையில் பிறந்ததற்கு ஒரு லாபமாவது வேண்டாமா? இரண்டு பக்க அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டிருங்கள்.

தம்பிக்கு. நீங்கள் ஜெர்மனியில் முதுநிலைப் படிப்புக்குப் போகலாம். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் வெளிநாட்டு மாணவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஆனால் மூன்று ஆண்டு பி.காமை எல்லாப் பல்கலைக்கழகமும் சமமாக ஏற்காது. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்குப் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்று கட்டாயம், அதற்கு 18,000 ரூபாய். செலவுக்கு முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுண்ட்) ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரில் வந்த கணக்கு. நம் பணத்தில் பன்னிரண்டு லட்சத்தைத் தொடும். லயத்து வீட்டில் இதை யாரும் சுலபமாகப் புரட்ட முடியாது.

உங்கள் இரண்டு வருட ஃப்ரண்ட் ஆபீஸ் அனுபவத்தை நீங்களே மதிக்காமல் விட்டிருக்கிறீர்கள். ஜெர்மனியில் ‘அவுஸ்பில்டுங்’ என்ற தொழிற்பயிற்சி முறை உண்டு: வாரத்தில் சில நாள் தொழிற்பள்ளி, மீதி நாள் வேலையிடம். ஹோட்டல் தொழிலுக்கு மூன்று ஆண்டு. வேலை கொடுப்பவரே மாதாமாதம் உதவித்தொகை தருவார். நர்சிங்கும் இதே முறையில் மூன்று ஆண்டு. அரசுத்துறை ஊதிய ஒப்பந்தப்படி முதல் ஆண்டிலேயே மாதம் 1,300 யூரோவுக்கு மேல், பிடித்தம் போவதற்கு முன். தொகை துறைக்குத் துறை மாறும். ஹோட்டலில் குறைவு, அது தங்கும் செலவுக்குப் போதுமா என்பதையும் விசாவில் பார்ப்பார்கள். நுழைவுச்சீட்டு ஒன்றே ஒன்றுதான்: ஜெர்மன் மொழி, பி1 அளவில். பயிற்சி ஒப்பந்தம் தரும் ஹோட்டலை நீங்களே தேடி, நீங்களே எழுதலாம். அவர்கள் வீடியோவில் பேசிப் பார்ப்பார்கள். ரிசார்ட் வரவேற்பில் நின்று எத்தனை வெளிநாட்டவரிடம் பேசியிருப்பீர்கள்? அந்தக் கூச்சமின்மைக்கு மதிப்புண்டு.

பிற வாசல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூனில் ஜெர்மனி ‘வாய்ப்பு அட்டை’ கொண்டுவந்தது. படிப்பு, மொழி, வயது, அனுபவம் ஆகியவற்றுக்குப் புள்ளி. ஆறு சேர்ந்தால் ஓராண்டு அங்கே தங்கி வேலை தேடலாம், வாரம் 20 மணி நேரம் பகுதி நேர வேலையும் செய்யலாம். ஆனால் ஓராண்டுச் செலவுக்குப் பணம் காட்ட வேண்டும். பிரிட்டனுக்கு 18 முதல் 30 வயதுப் பட்டதாரிகளுக்கான இளம் தொழில்முறையாளர் திட்டம் உண்டு: ஆண்டுக்கு 3,000 இடம் வரை, இரண்டு ஆண்டு தங்கலாம், குலுக்கல் முறை. குலுக்கலில் பெயர் போடக் காசு கிடையாது. ‘குலுக்கலில் விழ வைக்கிறேன்’ என்று யாராவது பணம் கேட்டால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

மூடிய வாசல்களையும் தெரிந்துகொள்ளுங்கள்; பழைய சரக்கை விற்பவர்கள் அதிகம். பிரிட்டனில் கேர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆளெடுப்பது 2025 ஜூலை 22 முதல் நின்றுவிட்டது. கனடாவின் விரைவு மாணவர் விசாத் திட்டமான எஸ்.டி.எஸ். 2024 நவம்பரில் முடிந்தது. இன்றும் இவற்றைச் சொல்லிப் பணம் கேட்பவர் பழைய நோட்டீஸைத்தான் நீட்டுகிறார்.

மொழிதான் உங்கள் சொத்து

ஆறு லட்சம் கேட்பவரிடம் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும், ஜெர்மன் பி1 வரை படித்துத் தேர்வும் எழுதிவிடலாம். விசா மறுத்தாலும் அந்தச் சான்றிதழ் உங்கள் கையில் இருக்கும். ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம் இருக்காது.

நோர்க்காவின் அயல்மொழி நிறுவனத்துக்குத் திருவனந்தபுரத்திலும் கோழிக்கோட்டிலும் வகுப்புகள் உண்டு. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கும் கட்டணம் இல்லை. மற்றவருக்குக் கட்டணத்தில் 75 சதவீதச் சலுகை. உங்கள் ரேஷன் கார்டின் நிறம் இங்கே பயன்படும். பாலக்காட்டுப் பக்கத்தினருக்கு, ஜெர்மன் சொல்லித்தரும் கோவை கெத்தே மையம் அருகில் இருக்கிறது. மூணாறுத் தம்பிக்கு இவை எல்லாமே தூரம். ஏ1, ஏ2 நிலையை ஆன்லைனில் முடித்துவிட்டு, பி1க்கு மட்டும் ஊர்விட்டுப் போய்த் தங்கிப் படியுங்கள். ஷிஃப்ட் வேலைக்கு இடையே ஒரு நாளுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால், பி1 வரை ஓர் ஆண்டு ஆகும். மூன்று மாதத்தில் பி1 என்று போர்டு வைத்திருப்பவர்களிடம் போகாதீர்கள். சான்றிதழை விலைக்கு வாங்கித் தருபவர்களும் உண்டு. தூதரகத்தில் ஜெர்மனில் இரண்டு கேள்வி கேட்டால் அது கலைந்துவிடும். கூடவே உங்கள் பெயரும் கெடும்.

பட்டா இல்லாத வீட்டுக்குக் கடன்

தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மட்டுமே உள்ள ஒரு தடை இது. லயம் கம்பெனிக்குச் சொந்தம். அம்மா வேலையில் இருக்கும் வரைதான் நம் வீடு. பேங்கில் அடமானம் வைக்க நம்மிடம் நிலமும் இல்லை, பட்டாவும் இல்லை.

அதற்காகப் பேங்க் வாசலை மிதிக்காமல் இருக்க வேண்டாம். கல்விக் கடனில் 4 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது. 7.5 லட்சம் வரை மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி பின்னால் நிற்கிறது. அதனால் அடமானமில்லாமல் கொடுக்க வழியிருக்கிறது. கிளை மேலாளர் வாயால் ‘கிடையாது’ என்றால், கல்விக் கடனுக்கான வித்யாலக்ஷ்மி தளத்தில் விண்ணப்பித்து எழுத்தில் பதில் கேளுங்கள். எழுத்தில் மறுக்க அவருக்குக் காரணம் வேண்டும்.

பட்டியல் சாதி மாணவர்கள் முதுநிலை, ஆராய்ச்சிப் படிப்புக்கு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையைப் பாருங்கள். ஆண்டுக்கு 125 இடம். 60 சதவீத மதிப்பெண், 35 வயதுக்குள், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள். கேரள அரசும் ஒடெபெக் வழியாக ‘உன்னதி’ என்ற உதவித்தொகை தருகிறது. இங்கேதான் மூணாறு, பீர்மேடு பிள்ளைகள் முட்டிக்கொள்வார்கள். கேரளத்தில் சாதிச் சான்றிதழ் வேண்டுமென்றால், 1950க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். பட்டா இல்லாத குடும்பம் எதைக் காட்டும்? எஸ்டேட் ஆபீஸின் பழைய செக்ரோல் (வருகைப் பதிவேடு), தாத்தாவின் பணிப் பதிவு, எஸ்டேட் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு ஆகியவற்றைத் தேடுங்கள். தொழிற்சங்கத்துக்காரர்களைக் கூட அழைத்துக்கொண்டு போனால் அலமாரி சீக்கிரம் திறக்கும். 1950க்குப் பிறகு வந்தவர்கள் பூர்வீக மாநிலத்துச் சான்று வழியில் போக வேண்டியிருக்கும். இது வாரக்கணக்கில் முடியாது. கல்லூரி இரண்டாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டிய வேலை.

“கணக்கில் பணம் போட்டுக் காட்டித் தருகிறோம், மாதத்துக்கு இவ்வளவு வட்டி” என்று ஒரு கூட்டம் அலைகிறது. மாதம் பதினைந்தாயிரம் வரும் கணக்கில் ஒரு செவ்வாய்க்கிழமை திடீரென்று பன்னிரண்டு லட்சம் விழுந்தால், ஸ்டேட்மெண்டைப் பார்ப்பவர் முதலில் கேட்பது ‘இது யாருடையது’ என்றுதான். அந்தப் பக்கம் கந்துவட்டி, இந்தப் பக்கம் பிளேடு வட்டி. இரண்டும் படிப்புக்காகத் தொடும் பணமல்ல. கல்விக் கடன் அனுமதிக் கடிதத்தில் உள்ள பணத்துக்குத் தெளிவான பிறப்பிடம் உண்டு. தூதரகம் பார்ப்பது அதைத்தான்.

லைசென்ஸைக் காட்டச் சொல்லுங்கள்

1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் மத்திய அரசிடம் பதிவு பெற்ற ஏஜெண்டாக இருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். துணை ஏஜெண்ட் வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. ஆகவே கம்பத்து மனிதரிடம் மூன்றே கேள்வி: பதிவு எண் என்ன? மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அது யார் பெயரில் இருக்கிறது? ஆறு லட்சத்துக்கு உங்கள் நிறுவனத்தின் பெயரில் ரசீது தருவீர்களா? மூன்றாவது கேள்விக்குள் டீ ஆறிப்போயிருக்கும்.

படிப்புக் கன்சல்டன்சிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதனால்தான் ‘ஸ்டடி அப்ராட்’ போர்டுக்குப் பின்னால் வேலை விசா வியாபாரம் நடக்கிறது.

போலந்து வேலை அனுமதியை அங்குள்ள முதலாளிதான் தன் பெயரில் வாங்க வேண்டும். ஏஜெண்ட் வாங்க முடியாது. அந்தக் கம்பெனியின் பெயரும் பதிவு எண்ணும் அனுமதிச் சீட்டில் இருக்கும். போலந்தின் பொதுக் கம்பெனிப் பதிவேட்டில் தேடி, அந்தக் கம்பெனிக்கு நீங்களே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். 2023இல் போலந்தில் விசாவுக்கு லஞ்சம் வாங்கிய ஊழல் வெடித்து, அதன்பின் அவர்கள் இன்னும் கூர்ந்து பார்க்கிறார்கள்.

இன்னொன்றை வலியோடு சொல்கிறேன். எலக்ட்ரீஷியன், சமையல் வேலை என்று நம்பி ரஷ்யா போன கேரள இளைஞர்கள் போர்முனையில் நிறுத்தப்பட்டார்கள். 2025 ஜனவரியில் திருச்சூர் இளைஞர் ஒருவர் அங்கே இறந்தார். டேட்டா என்ட்ரி வேலை என்று தாய்லாந்து போன தமிழ்நாட்டு, கேரளப் பிள்ளைகள் எல்லை தாண்டி மியான்மரில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டார்கள். ‘சுற்றுலா விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்ற ஒரு வாக்கியத்தில் தொடங்கியவைதான் இப்படிப்பட்ட கதைகளில் பல. அந்த வாக்கியம் காதில் விழுந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பாஸ்போர்ட்டையும் அசல் சான்றிதழ்களையும் யாரிடமும் விட்டு வைக்காதீர்கள். பாஸ்போர்ட் சட்டப்படி அது மத்திய அரசின் சொத்து. பணத்துக்குப் பிணையாக வைத்துக்கொள்ள எந்த ஏஜெண்டுக்கும் உரிமையில்லை. சந்தேகம் வந்தால் நோர்க்காவின் இலவச எண் 1800 425 3939. மத்திய அரசின் உதவி மையம் 1800 11 3090. பணம் கொடுப்பதற்கு முன் கூப்பிடுங்கள்.

ஒருமுறை மறுத்துவிட்டால்

தம்பி, பழைய மறுப்பை மறைக்காதீர்கள். விண்ணப்பத்தில் ‘இதற்கு முன் மறுக்கப்பட்டதா’ என்று ஒரு கேள்வி இருக்கும். ‘இல்லை’ என்று எழுதிப் பிடிபட்டால், மறுப்பை விடப் பெரிய கறை அது. மறுப்புக் கடிதத்தைக் கன்சல்டன்சியிடமிருந்து வாங்கி நீங்களே படியுங்கள். பி.காம். படித்து ஹோட்டலில் வேலை பார்ப்பவர் சம்பந்தமில்லாத டிப்ளமோவுக்கு ஏன் போகிறார் என்பதற்கு உங்கள் காகிதத்தில் பதில் இருந்ததா என்று பாருங்கள். பெரும்பாலும் நீங்கள் ஏன் போகிறீர்கள் என்று விளக்கும் கடிதத்தையே கன்சல்டன்சிதான் எழுதியிருக்கும். பத்துப் பேருக்கு ஒரே கடிதம்.

ஜெர்மனியில் முன்பு மறுப்பை எதிர்த்துத் தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழி எடுக்கப்பட்டுவிட்டது. இனி மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். ஆகவே முதல் விண்ணப்பமே முழுமையாக இருக்க வேண்டும். அவசரப்பட்டு அரைகுறையாகப் போடுவதை விட, ஆறு மாதம் பொறுப்பது மலிவு.

அம்மாவின் பணம்

கேட்ட கேள்விக்கு நேராகப் பதில்: கொடுக்காதீர்கள்.

அம்மா ஓய்வு பெறும் நாளில் லயத்தைக் காலி செய்யச் சொல்வார்கள். அன்றைக்குக் கையில் இருக்கப்போவது பி.எஃப். பணமும் கிராஜுவிட்டியும் மட்டும்தான். நாளைக்கு ஒரு கூரை அந்தப் பணத்தில்தான் வர வேண்டும். அதைப் போலந்துக்குப் போகும் வழியில் கம்பத்தில் இறக்கி வைக்க முடியாது. உங்கள் கொள்ளுத்தாத்தா கடனோடு மலை ஏறினார். நீங்கள் கடனோடு இறங்க வேண்டாம்.

கணக்கு இப்படி இருக்கட்டும். முதல் மூன்று மாதம் பெயரும் காகிதமும். அதே மூன்று மாதத்தில் ஜெர்மன் ஏ1 தொடக்கம். ஒன்பதாம் மாதத்துக்குள் ஏ2 முடித்து, பயிற்சி தரும் ஹோட்டல்களுக்கு எழுதத் தொடங்குங்கள். பன்னிரண்டாம் மாதம் பி1 தேர்வு. ஒப்பந்தம் வந்த பிறகு விசா விண்ணப்பம். அதை 2025 முதல் தூதரகத் தளத்திலேயே நீங்கள் நிரப்பலாம், கட்டணம் 75 யூரோ. தங்கச்சி நோர்க்கா அறிவிப்புக்குக் காத்திருக்கும்போதே தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவைப் புதுப்பித்து, மருத்துவமனையில் அனுபவச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விட்ட பிறகு அதைக் கேட்டால் நடையாய் நடக்க விடுவார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பெட்டியை இறக்குங்கள். ஆறு காகிதத்திலும் அப்பா பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். அடுத்ததை அதன்பிறகு பேசுவோம்.